யார் வீட்டில் ஓடணும்?

"டிவிடி போடறதுக்கு எந்த சாஃப்ட்வேர் சார் நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் நேராகப் பதில் சொல்வதில்லை. "யார் வீட்டில் ஓடணும்?" என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவருக்கு லேசாகக் கோபம் வரும். ஆனால் இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் சாஃப்ட்வேர், ரைட்டர், பிளாங்க் தட்டு மூன்றும் முக்கால்வாசி தானாக முடிவாகிவிடும். தெரியாமல் தொடங்கினால், எவ்வளவு காசு போட்டு வாங்கியிருந்தாலும் கடைசியில் டிவி திரையில் 'நோ டிஸ்க்' என்று வந்து நிற்கும்.

நான் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். குடியிருப்பது ஸ்ரீரங்கம், அடையவளஞ்சான் வீதி. வீடியோ எனக்குத் தொழில் இல்லை. வீட்டு விசேஷங்களுக்காகப் பழகியது, தெருவில் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்கக் கேட்க வளர்ந்துவிட்டது. பணிமனையில் ஒரு பாகத்தைக் கடைசலில் ஏற்றுமுன், அது எந்த வண்டியில் மாட்டப்போகிறது என்று பார்ப்போம். தட்டு விஷயத்திலும் நான் அப்படித்தான் ஆரம்பிக்கிறேன்.

இன்னும் யாருக்கு வேண்டும்?

கல்யாண வீடியோ இப்போது பென் டிரைவில் வருகிறது, இல்லாவிட்டால் செல்போனுக்கு ஒரு லிங்க் வருகிறது. இருந்தும் தட்டு கேட்டு வருபவர்கள் நின்றபாடில்லை. அவர்கள் மூன்று வகை.

முதலில் பெரியவர்கள். 2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. அந்தக் காலத்தை ஒட்டித்தான் எங்கள் பக்கத்துச் சாதாரண வீடுகளில் டிவிக்குக் கீழே டிவிடி பிளேயரும் வந்து உட்கார்ந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் மோசர் பேயர் நிறுவனம் சினிமாக்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று கடைகளில் இறக்கியது. பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வரும், வைத்து உள்ளே தள்ளினால் படம் வரும் என்ற பழக்கம் அப்போது பல வீடுகளில் ஊறிவிட்டது. ரிமோட்டில் 'சோர்ஸ்' மாற்றி, ஃபோல்டர் தேடி, கோப்பின் பெயரைப் படித்துப் பார்ப்பதை எண்பது வயதில் கற்றுக்கொள் என்று சொல்வது நியாயமில்லை.

இரண்டாவது, வழக்கு உள்ளவர்கள். கேமரா பதிவு, தொலைபேசி உரையாடல் போன்றவற்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சிடி, டிவிடியில் எழுதிக் கொடுப்பது இன்றும் நடக்கிறது. கேரளத் தேர்தல் வழக்கு ஒன்றில் தாக்கலான சிடிக்களை வைத்துத்தான், சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுப்படி சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவின் நகல் செல்லாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம் வந்து, அதே விஷயம் அதில் 63-ஆம் பிரிவாகியிருக்கிறது. ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாத தட்டு இந்த வேலைக்குப் பொருத்தம்.

மூன்றாவது, அழியக்கூடாத சமாச்சாரம் வைத்திருப்பவர்கள். பேரன் பென் டிரைவை ஃபார்மட் செய்து பாட்டு ஏற்றிக்கொண்டு போய்விடுவான். தட்டில் அவனால் அது முடியாது. ஸ்கேன் சென்டர்கள் படங்களைத் தட்டில் போட்டுக் கொடுப்பதிலும் இந்தச் சௌகரியம் இருக்கிறது.

முதல் வகையினருக்கு வேண்டியது பிளேயரில் ஓடும் படத் தட்டு. மற்ற இரண்டு வகையினருக்கும் கம்ப்யூட்டரில் திறக்கும் கோப்புத் தட்டு போதும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

கோப்புத் தட்டும் படத் தட்டும்

செல்போனில் எடுத்த வீடியோவை அப்படியே இழுத்துத் தட்டில் போட்டு எழுதினால் அது கோப்புத் தட்டு. கம்ப்யூட்டரில் ஓடும். புதிய பிளேயர்கள் சிலவற்றில் ஓடினாலும் ஓடும். 2008-ல் வாங்கிய பிளேயருக்கு அது என்னவென்றே தெரியாது.

பிளேயர் எதிர்பார்ப்பது வேறு. தட்டைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். அதற்குள் படம், ஒலி இரண்டையும் சேர்த்துக் கட்டிய விஓபி கோப்புகள், ஒவ்வொன்றும் அதிகபட்சம் 1 ஜிபி. எது எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ கோப்பு, அதற்கு ஒரு மாற்றுப் பிரதி. படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருக்க வேண்டும். அளவும் நிர்ணயம்: 'பால்' என்ற நம் நாட்டு டிவி முறையில் 720-க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 சட்டகம். 4கே செல்போனில் எடுத்தாலும் டிவிடியில் போனால் இவ்வளவுதான். "போன்ல பளிச்சுன்னு இருந்துச்சே" என்று பிறகு வருத்தப்படுவதில் பொருளில்லை. அசலைத் தனியாக ஹார்டு டிஸ்கில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டு என்பது பார்ப்பதற்கான பிரதி.

விண்டோஸில் வெறும் தட்டைப் போட்டால் ஒரு கேள்வி வரும்: இதைப் பென் டிரைவ் மாதிரி பயன்படுத்தப் போகிறீர்களா, சிடி, டிவிடி பிளேயரில் போடப் போகிறீர்களா என்று. பலர் முதலாவதை அழுத்திவிடுகிறார்கள். அப்படி எழுதிய தட்டை வேறு இயந்திரங்கள் படிக்கத் தயங்கும். கோப்புத் தட்டாக இருந்தாலும் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். அதைத் தேர்ந்தெடுத்ததாலேயே அது படத் தட்டாகிவிடாது என்பதும் நினைவிருக்கட்டும். படத் தட்டு செய்யத் தனி மென்பொருள் வேண்டும்.

மென்பொருள்: வேலை இரண்டு, ஆள் இரண்டு

இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. வீடியோவை டிவிடி வடிவத்துக்கு மாற்றி, மெனு வைத்து, அத்தியாயம் பிரிப்பது ஒன்று. அதைத் தட்டில் எழுதுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே மென்பொருளில் முடிக்கலாம் என்றாலும் நான் பிரித்தே செய்கிறேன். முதல் கட்டத்தின் முடிவை ஐஎஸ்ஓ என்ற ஒரே கோப்பாகச் சேமித்துக்கொண்டால், தட்டு கெட்டாலும் மாற்றும் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. எழுதுவதற்கு முன் அந்த ஐஎஸ்ஓவை விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பார்க்கலாம். மெனு சரியாகத் தாவுகிறதா, ஒலி உதட்டோடு ஒட்டுகிறதா என்பதெல்லாம் தட்டைச் செலவழிக்காமலே தெரிந்துவிடும்.

முதல் கட்டத்துக்கு நான் பயன்படுத்துவது டிவிடி ஸ்டைலர். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டிவிடி ஃப்ளிக் இதைவிட எளிது, ஆனால் 2009-க்குப் பிறகு அதில் புதிய பதிப்பு வரவில்லை. விண்டோஸ் விஸ்டா, 7 ஆகியவற்றின் பல பதிப்புகளில் டிவிடி மேக்கர் கூடவே வந்தது. விண்டோஸ் 8-லிருந்து எடுத்துவிட்டார்கள். வீட்டில் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் மூலையில் கிடந்தால், இணையத் தொடர்பைப் பிடுங்கிவிட்டு இந்த ஒரு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கல்யாண வீடியோ மிக்ஸிங் செய்பவர்கள் எடியஸ் போன்ற எடிட்டிங் மென்பொருளிலிருந்தே தட்டு வரை போய்விடுவார்கள். வீட்டு உபயோகத்துக்கு அவ்வளவு வேண்டாம்.

இரண்டாம் கட்டத்துக்கு இம்க்பர்ன். இதுவும் இலவசம். கடைசிப் பதிப்பு 2013-ல் வந்தது. டிவிடியின் விதிகள் அதற்குப் பின் மாறவில்லை என்பதால் இன்றும் அதுவே போதும். இதே பெயரைச் சொல்லி வேண்டாத சரக்கையெல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டரில் இறக்கிவிடும் தளங்கள் உண்டு. 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போகாமல் ஒவ்வொரு கட்டத்தையும் படியுங்கள். லினக்ஸ் வைத்திருந்தால் கே3பி. அதுவும் வேண்டாம் என்றால் விண்டோஸ் 7 முதலாக ஐஎஸ்ஓ கோப்பின் மேல் வலது கிளிக் செய்தாலே எழுதும் வசதி இருக்கிறது. நீரோ மென்பொருளைத் தேடித் தேடி வாங்க வேண்டிய காலம் போய்விட்டது.

எவ்வளவு படம் கொள்ளும்?

தட்டின் மேல் 4.7 ஜிபி என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டும். ஏமாற்று இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கம்ப்யூட்டர் 1,024 ஆக எண்ணுகிறது. நமக்கு வேண்டிய கணக்கு வேறு. ஒரு தட்டில் சுமார் 37,600 மெகாபிட் கொள்ளும். அதைப் படத்தின் மொத்த வினாடிகளால் வகுத்தால், ஒரு வினாடிக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்று கிடைக்கும். 2 மணி நேரப் படம் என்றால் 7,200 வினாடி. வகுத்தால் 5.2 வரும். ஒலிக்கும் மற்றதற்கும் கொஞ்சம் கழித்தால் படத்துக்கு 4.8 மெகாபிட். ஒன்றரை மணி நேரமானால் 6.5 வரை கொடுக்கலாம். ஒரு மணி நேரப் படத்துக்கு இன்னும் அதிகம் இடமிருந்தாலும் 8-க்கு மேல் போகாதீர்கள். டிவிடி விதிப்படி படம், ஒலி எல்லாம் சேர்த்து உச்சவரம்பே 10.08 மெகாபிட்தான், பழைய பிளேயர்கள் அந்த வரம்பை நெருங்கும்போதே திக்கும்.

மூன்று மணி நேரம் என்றால் சுமார் 3.2-க்கு இறங்கிவிடும். உபந்யாசம் பரவாயில்லை. பேசுகிறவர் உட்கார்ந்த இடத்தில் இருக்கிறார், பின்னால் இருக்கும் திரை அசைவதில்லை. கல்யாணம் அப்படியில்லை. ஹோமப் புகை, சீரியல் விளக்கு, பட்டுப்புடவை ஜரிகை எல்லாமே சுருக்கும் மென்பொருளுக்கு எதிரிகள். அட்சதை போடும் அந்தச் சில வினாடிகளைப் பாருங்கள். திரை முழுக்க ஆயிரம் துகள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் பறக்கிறது. இடம் போதாவிட்டால் தாலி கட்டும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். சித்திரைத் தேரை மொட்டை மாடியிலிருந்து எடுத்தாலும் இதே கதை. வடம் பிடிக்கும் கூட்டம் முழுவதும் அசைந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட படத்தை ஒன்றரை மணிக்கு மேல் ஒரே தட்டில் அடைக்காதீர்கள். இரண்டு தட்டாகப் பிரியுங்கள். மென்பொருளில் 'டூ பாஸ்' என்ற வசதி இருந்தால் போடுங்கள். முதல் சுற்றில் எங்கே அசைவு அதிகம் என்று பார்த்து வைத்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் அங்கே அதிக இடம் ஒதுக்கும். நேரம் இரட்டிப்பாகும், அட்சதை பிழைக்கும்.

8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் தட்டும் கிடைக்கிறது. விலை அதிகம். ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் பல பிளேயர்கள் ஒரு கணம் உறைந்து நிற்கும், சில அங்கேயே நின்றுவிடும். நான் சிபாரிசு செய்வதில்லை.

அமெரிக்காவில் ஏன் ஓடவில்லை?

எதிர் வீட்டு மாமியின் சதாபிஷேக வீடியோவை ஒரு தடவை தட்டாக்கிக் கொடுத்தார்கள், வெளியில் ஓர் இடத்தில். பிள்ளை நியூஜெர்சிக்கு எடுத்துப் போனார். அங்கே டிவியில் ஓடவில்லை. மாமி என்னிடம் கேட்டார்: "ஏம்ப்பா, நம்மாத்துல நன்னா ஓடித்து. அவாத்துல ஓடலைங்கறான். தட்டு அமெரிக்கா போனா கெட்டுப்போயிடுமா?"

தட்டு கெடவில்லை. நம் நாடு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, இங்கிலாந்து எல்லாம் பால் முறை. அமெரிக்காவும் கனடாவும் என்டிஎஸ்சி: 720-க்கு 480 புள்ளிகள், வினாடிக்கு 29.97 சட்டகம். அமெரிக்காவில் விற்கும் பிளேயர்கள் பல பாலைத் தொடாது. நம் ஊர்ப் பிளேயர்களோ பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும். எனவே டொரன்டோவுக்கோ டெக்சஸுக்கோ போகவேண்டிய தட்டை என்டிஎஸ்சியில் செய்வதே உத்தமம். இங்கேயும் ஓடிவிடும்.

இதில் இன்னொரு லாபம் உண்டு. செல்போன்கள் பெரும்பாலும் வினாடிக்கு 30 சட்டகமாகப் படம் பிடிக்கின்றன. அதைப் பாலின் 25-க்கு இறக்கும்போது ஐந்து சட்டகம் கழிந்து, கேமரா திரும்பும் இடங்களில் படம் விட்டு விட்டு நகரும். என்டிஎஸ்சியில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் செல்போனில் எடுத்தது, பிளேயரும் இரண்டையும் ஓட்டும் என்றால் உள்ளூருக்குமே என்டிஎஸ்சி போடலாம்.

ஒலியை ஏசி-3 முறையில் வைத்தால் எந்த நாட்டிலும் பிரச்சினை வராது. கச்சேரிப் பதிவு, நாதஸ்வரம் என்றால் மட்டும் சுருக்காத பிசிஎம் ஒலி வையுங்கள். வினாடிக்கு 1.5 மெகாபிட் அதுவே தின்றுவிடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ரீஜன் கோடு' பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். கடையில் விற்கும் சினிமாத் தட்டில் இந்தியாவுக்கு 5, அமெரிக்காவுக்கு 1 என்று பூட்டு இருக்கும். வீட்டில் செய்யும் தட்டுக்கு அந்தப் பூட்டு கிடையாது.

தலைப்பு விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். சில மென்பொருள்களில் தமிழில் தட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். தலைப்பை வேறொன்றில் படமாகச் செய்துகொண்டு மெனுவின் பின்னணியாக வைத்துவிட்டால் தீர்ந்தது. இன்னொன்று, பழைய டிவிகள் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் விழுங்கும். ஓரத்தில் பத்தில் ஒரு பங்கு விட்டு எழுதுங்கள். சம்பந்தி பெயரின் கடைசி எழுத்து காணாமல் போனால் அதற்கு யார் பதில் சொல்வது?

ரைட்டர்

இப்போது லேப்டாப்களில் டிஸ்க் டிரைவ் வருவதில்லை. கடைக்குப் போனால் மெல்லிய யூஎஸ்பி ரைட்டரைத்தான் எடுத்து நீட்டுவார்கள். வசதியான சாமான். ஆனால் அதற்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் அந்த யூஎஸ்பி துளையிலிருந்தே உறிஞ்சுகிறது, 5 வோல்ட் மட்டும். எழுதும்போது லேசரும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கும். யூஎஸ்பி பெருக்கிப் பெட்டியில் சொருகினாலோ, மேஜைக் கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையில் சொருகினாலோ சில சமயம் பாதியில் தடுமாறும். நேராகக் கம்ப்யூட்டரின் பின்பக்கத் துளையில் சொருகுங்கள். இரண்டு முனையுள்ள கேபிள் கொடுத்திருந்தால் இரண்டையும் சொருகுங்கள்.

இடம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, மேஜைக் கம்ப்யூட்டருக்குள் மாட்டும் பெரிய ரைட்டர். 12 வோல்ட் தனியாக வருகிறது, கனமான சட்டம், அதிர்வு குறைவு. மெல்லியது 8 மடங்கு வேகம் என்றால் இது 16 மடங்கு வரை போகும். வேகம் நமக்குத் தேவையில்லை, அந்த வேகத்தைத் தாங்கும் உடற்கட்டு தேவை. பழைய கம்ப்யூட்டர் விற்பவர்களிடம் சாட்டா இணைப்புள்ள டிரைவ் மலிவாகக் கிடைக்கும். பட்டையான ஐடிஇ கேபிள் கேட்பதை வாங்காதீர்கள், இன்றைய போர்டுகளில் அதற்கு இடமில்லை. பழைய டிரைவ் வாங்கும்போது படிக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். எழுதும் லேசருக்குத்தான் வேலை அதிகம், தேய்வதும் அதுதான். ஒரு தட்டு கொண்டுபோய் அங்கேயே எழுதச் சொல்லிப் பாருங்கள்.

யுபிஎஸ் அவசியம். 2012-ல் திருச்சிப் பக்கம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று யாரும் மறந்திருக்க மாட்டோம். கம்ப்யூட்டர் கொஞ்சம் தாமதித்தால் ரைட்டர் காத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடரும், அந்தப் பாதுகாப்பு எல்லா டிரைவிலும் இருக்கிறது. கரண்ட் போனால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பிளாங்க் தட்டு

டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிப்பில் இரண்டு பாலிகார்பனேட் வட்டுகளை ஒட்டியது. நடுவே சாயமும் அதன்மேல் பளபளப்பு உலோகப் பூச்சும் இருக்கின்றன. எழுதும்போது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத் தடம் போடுகிறது. தட்டின் ஆயுள் அந்தச் சாயத்தின் ஆயுள்தான். சிடியில் இந்தப் பூச்சு மேல்பக்க அரக்குக்கு அடியிலேயே இருக்கிறது. பேனாவால் அழுத்தி எழுதினாலே போயிற்று. டிவிடியில் அது நடுவில் பத்திரமாக இருக்கிறது. பதிலுக்கு, ஒட்டிய விளிம்பு வழியாகக் காற்றும் ஈரமும் புகுந்தால் உள்ளே அரிக்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வசிக்கும் எங்களுக்கு ஈரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கடையில் மைனஸ் ஆர், பிளஸ் ஆர் என்று இரண்டு வகை. மைனஸ் 1997-ல் வந்தது, பிளஸ் 2002-ல். கோப்புகளுக்கு எது வேண்டுமானாலும் வாங்கலாம். பழைய பிளேயரில் ஓடவேண்டிய படத்துக்கு மைனஸ் பாதுகாப்பு. பிளஸ்தான் கிடைத்தது என்றால், ரைட்டர் அனுமதித்தால், 'புக் டைப்' என்பதை டிவிடி ரோம் என்று மாற்றி எழுதலாம். பிளேயர் அதைக் கடையில் வாங்கிய சினிமாத் தட்டு என்று நம்பிவிடும். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ ரகம் ஒத்திகைக்கு மட்டும். அதன் பிரதிபலிப்பு குறைவு, பல பிளேயர்களின் கண்ணுக்குப் படாது.

பிராண்டு? அட்டையில் ஒரு பெயர் இருக்கும், செய்தது வேறு தொழிற்சாலையாக இருக்கும். தட்டைப் போட்டதும் இம்க்பர்னின் வலப்பக்கத்தில் ஓர் அடையாளக் குறி வரும். எம்சிசி என்று தொடங்கினால் மிட்சுபிஷி கெமிக்கல் சாயம், சிஎம்சி, ரிடெக் என்றால் தைவான், எம்பிஐ என்றால் மோசர் பேயர். நல்ல தட்டு ஒன்று கிடைத்தால் அந்தக் குறியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பெட்டியைப் பார்க்காமல் குறியைப் பாருங்கள். சிங்காரத்தோப்பிலோ சத்திரம் பஸ் நிலையத்துப் பக்கமோ கடையில் ஐம்பது தட்டு பாக்ஸ் வாங்குமுன் சில்லறையில் இரண்டு வாங்கி எழுதிப் பாருங்கள். ஸ்ரீரங்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒண்ணாம் நம்பர் பஸ் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, இன்னொரு முறை போய்வரலாம்.

மோசர் பேயர் 1983-ல் டெல்லியில் தொடங்கி உலகத்தின் பெரிய தட்டு உற்பத்தியாளர்களில் ஒன்றாக வளர்ந்த இந்திய நிறுவனம். 2018-ல் கலைப்புக்குப் போய்விட்டது. தட்டுப் பிரியர்கள் கொண்டாடிய ஜப்பானின் தையோ யூடன் 2015-ல் இந்தத் தொழிலை விட்டது. கல் போன்ற அடுக்கில் எழுதும், ஆயிரம் வருஷம் நிற்கும் என்று எம்-டிஸ்க் கொண்டு வந்தார்களே, அந்த அமெரிக்க நிறுவனம் 2016-லேயே திவாலாகிவிட்டது. எம்-டிஸ்க் தட்டு இன்னமும் வேறு நிறுவனத்தின் பெயரில் வருகிறது, வாங்கலாம், அதன் அடையாளம் போட்ட ரைட்டர் வேண்டும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் வருஷக் கணக்கு எதையும் நம்பி ஒரே பிரதியோடு நிற்காதீர்கள்.

எழுதும்போது

16 மடங்கில் தட்டு நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் போகும். அந்த வேகத்தில் சுற்றும் வட்டின் மேல் 'சிரஞ்சீவி, சௌபாக்கியவதி' என்று காகித ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஒரு பக்கம் ஒரு மயிரிழை கூடினாலும் தட்டு ஆடும். கோடையில் பசை இளகி ஓரம் சுருண்டால் பிளேயரோடு போகும். அச்சிட வேண்டுமென்றால் அச்சடிப்பதற்கென்றே வெள்ளை மேல்பரப்புள்ள தட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் நடு வளையத்தில், நீர்க்கலப்பு மார்க்கரில் பெயரும் தேதியும் போதும்.

16 மடங்கு என்று போட்ட தட்டை 8-ல் எழுதுங்கள், எட்டு நிமிஷம் ஆகும். 1 மடங்கில் எழுதினால் ஒரு மணி நேரமாகும். அவ்வளவு பொறுமை காட்டினால் நன்றாக வரும் என்று நினைக்க வேண்டாம். வேகத்துக்கென்று கலந்த சாயத்தை மிக மெதுவாகச் சுட்டாலும் தடம் கோணும். எழுதும் நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டரில் வேறு வேலை வேண்டாம். முடிந்ததும் 'வெரிஃபை' செய்யவும் 'ஃபைனலைஸ்' ஆனதா என்று பார்க்கவும் மறக்காதீர்கள். ஃபைனலைஸ் ஆகாத தட்டு எழுதிய இயந்திரத்தில் ஓடும், வேறெங்கும் ஓடாது. பிறகு கடைசிப் பரீட்சை: அது போகப்போகிற வீட்டின் பிளேயரிலேயே தொடக்கம், நடு, கடைசி ஐந்து நிமிஷம் மூன்றையும் பாருங்கள். டிவிடியில் பதிவு உள்ளிருந்து வெளிவிளிம்பு நோக்கிப் போகிறது. கோளாறு பெரும்பாலும் வெளிவிளிம்பில், அதாவது படத்தின் முடிவில்தான் தலைகாட்டும்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். இதெல்லாம் நம் வீட்டு விசேஷத்துக்கு. புதுப்படத்தைத் தட்டில் இறக்கி விற்பவர்களுக்காக 2004-லேயே தமிழகத்தில் குண்டர் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

வைப்பதும் வாசிப்பதும்

பரணில் போடாதீர்கள். சித்திரை, வைகாசியில் பரண் என்ன சூடு இருக்கும் என்று ஏறிப் பார்த்தால் தெரியும். வெயில் படும் ஜன்னலோரமும் காரும் கூடவே கூடாது, சாயம் வெளிறிவிடும். தட்டைப் படுக்கப் போடாமல் அதனதன் கெட்டிப் பெட்டியில், அலமாரியின் நடுத்தட்டில் நிற்க வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஆல்பம் ஈரத்தில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு ஓடி, மொத்தமாகப் பல சட்டகங்களைத் தின்றுவிடும்.

தட்டு மட்டும் இருந்தால் போதாது, வாசிக்கப் பெட்டியும் வேண்டும். இன்று வாங்கும் ரைட்டர் இன்னும் சில வருஷங்களில் உங்கள் தெருவிலேயே கடைசி வாசிப்பானாக இருக்கலாம். சும்மா கிடந்தால் அதன் ரப்பர் பெல்ட் இறுகி, தட்டே வெளியே வராது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம்தான் நிற்கும் என்பது முப்பது சொச்சம் வருஷம் என்ஜின்களோடு இருந்தவன் சொல்வது. வருஷத்துக்கு ஒரு தரமாவது எல்லாத் தட்டையும் எடுத்து ஓட்டுங்கள். திணறும் தட்டை அன்றைக்கே ஐஎஸ்ஓவாக ஹார்டு டிஸ்கில் ஏற்றி, புதிய தட்டு ஒன்றில் எழுதிவிடுங்கள். நாள் எதுவென்று தேட வேண்டாம். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க எப்படியும் டிவி முன்னால் உட்காரத்தான் போகிறோம். அந்த வருஷம் ஏற்கெனவே பார்த்த சினிமாவுக்குப் பதிலாக வீட்டுத் தட்டுகளை வரிசையாகப் போடுங்கள். விடியும்போது எது பிழைக்கும், எது பிழைக்காது என்ற பட்டியல் கையில் இருக்கும்.